கோடிட்ட இடம்

அக்டோபர் 27, திங்கள். சிவகாசி

என் வீட்டுக்காரி பாக்கியம் இந்த டைரியைக் கையில் திணித்து, "பார்த்ததை எல்லாம் எழுதிட்டு வாங்க. வந்து வாயால சொன்னா பாதியை முழுங்கிருவீங்க" என்றாள். போன வருஷம் நம் அச்சகத்திலேயே அடித்து விற்காமல் நின்றுபோன டைரி. கிழமைகளை அடித்துத் திருத்தி எழுதுகிறேன். வேலாயுதம் டைரி எழுதுகிறான் என்றால் ஊர் சிரிக்கும்.

மகள் வடிவு என்னைச் சீனாவுக்கு அழைத்துப் போகிறாள். சென்னையில் அச்சு இயந்திரம் இறக்குமதி செய்யும் கம்பெனியில் வேலை அவளுக்கு. ஐந்தாறு தடவை அங்கே போய் வந்தவள். "பழைய சீனா, புதுச் சீனா ரெண்டையும் காட்டுறேம்ப்பா" என்றாள். நான் பண்பாட்டைப் பார்க்கத்தான் போகிறேன். கூடவே இன்னொன்றும் உண்டு. ஒன்பது நாள் மகள் பக்கத்திலேயே இருப்பாள். கல்யாணப் பேச்சை எடுத்ததும் போனை வைத்துவிட்டு ஓட முடியாது.

நான் முப்பத்தெட்டு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவன். ஊரில் எந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் எனக்குத்தான் முதலில் தெரியும். என் மகளுக்கு முப்பத்து மூன்று வயது. பதினோரு மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. அச்சகத்துக் கம்ப்யூட்டரில் அவள் பத்திரிகை ஆறு வருஷமாகத் தயாராக இருக்கிறது. திருநிறைச்செல்வி சண்முகவடிவு என்று போட்டு, எதிரே திருநிறைச்செல்வன் என்று போட்டு, அதன் பிறகு ஒரு கோடு. தங்க விளிம்பு வைத்த முதல் தர போர்டு அட்டை ஒரு கட்டு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். தை மாதத்துக்குள் அந்தக் கோட்டில் ஒரு பெயர் வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

வடிவின் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. உள்ளே பிரஷர் குக்கர், இட்லித் தட்டு, மூன்று ஸ்வெட்டர், ஒரு வருஷத்துக்குக் காணும் சாம்பார்ப் பொடி. ஒன்பது நாளுக்கு எதற்கு குக்கர் என்று கேட்டேன். "உங்களுக்கு அங்க சாப்பாடு ஒத்துக்கலைன்னா?" என்று சொல்லிவிட்டுப் பாக்கியம் அடுப்படிக்குப் போய்விட்டாள். முப்பத்தேழு வருஷத்தில் என் வயிற்றின் மேல் அவளுக்கு இவ்வளவு அக்கறை வந்ததில்லை. சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 29, புதன். பெய்ஜிங்

குளிர். எங்கே போனாலும் வெந்நீர் தருகிறார்கள். ஹோட்டலில் வெந்நீர், ரயில் நிலையத்தில் வெந்நீர், இளவட்டங்கள் கையில் பிளாஸ்க்கில் வெந்நீர். நாகரிகமான ஜனங்கள்.

பழைய அரண்மனை பார்த்தோம். நடந்து முடியவில்லை. ஒரு ராஜா, ஒன்பது வாசல், ஒவ்வொரு வாசலிலும் மூச்சு வாங்கினேன். வெளியே ஒரு கழிப்பறையில் பெட்டிக்கு முன் முகத்தைக் காட்டினால்தான் தாள் தருகிறது. நான் இரண்டாவது தடவை காட்டினேன். தரவில்லை. என்னைத் தெரியும் என்கிறது. தாளின் தரம் சுமார்.

அக்டோபர் 30, வியாழன்

பெருஞ்சுவர். ஏறினோம். ஜோடி ஜோடியாகச் சிவப்பு உடுப்பு போட்டுக்கொண்டு பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வடிவு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும். அருப்புக்கோட்டைப் பையனைப் பத்தி. மில் வச்சிருக்காங்க. ஒரே பையன். நீ ம்ன்னு மட்டும் சொல்லு."

அவள் அடுத்த கோபுரம் வரைக்கும் வேகமாக ஏறிப் போய்விட்டாள். நான் படியில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றேன். அவள் சொல்ல வந்தது என்ன என்று கேட்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி. ஷாங்காய்

ரயில் பறக்கிறது. மேஜை மேல் வைத்த தண்ணீர் ஆடவில்லை. வழி நெடுக வடிவு போனில் சீனத்தில் பேசிக்கொண்டே வந்தாள். கொஞ்சம் தெரியும் என்று சொல்லியிருந்தாள். கொஞ்சமா? ஷாங்காயில் டாக்சிக்காரன் சுற்று வழியில் போனபோது அவனை இவள் பிடித்த பிடியில் அவன் பச்சைப் பிள்ளையாகிவிட்டான். பாக்கியம் மீன்காரரிடம் பேசுகிற அதே ராகம்.

இரவுச் சாப்பாட்டுக்கு லின் என்ற அம்மாள் அழைத்திருந்தார். வடிவுக்குத் தெரிந்தவராம். இயந்திரத் தொழிற்சாலையில் பெரிய பதவி. வட்ட மேஜை சுழல்கிறது, பதார்த்தங்கள் நம் முன்னால் வந்து நின்று வணக்கம் சொல்லிப் போகின்றன. போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். உடனே லின் அம்மாள் இன்னும் வைத்தார். அதையும் முடித்தேன். இன்னும் வைத்தார். நான்காவது தடவை வடிவு காதில், "கொஞ்சம் மிச்சம் வைங்கப்பா. தட்டு காலியானா இன்னும் பசிக்குதுன்னு அர்த்தம்" என்றாள். இலையில் மிச்சம் வைத்தால் என் அம்மா அடிப்பார். மிச்சம் வைத்தேன். மனசு கேட்கவில்லை.

லின் அம்மாள் எழுந்து நின்று, இரண்டு கையாலும் பிடித்து, தன் விசிட்டிங் கார்டைத் தந்தார். நாம் பத்திரிகை கொடுப்பது போலவே. நானும் இரண்டு கையால் வாங்கினேன். "இங்க இப்ப யாரும் கார்டு வச்சிருக்கதில்லப்பா, போன்லதான் ஸ்கேன் பண்றாங்க. உங்களுக்காக எடுத்துட்டு வந்திருக்காங்க" என்றாள் வடிவு. நல்ல போர்டு. தங்க ஃபாயில் மட்டும் அச்சிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. வடிவிடம் மெல்லச் சொன்னேன். அவளுக்கு ஏனோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பிறகு அவர்கள் இருவரும் சீனத்தில் நெடுநேரம் பேசினார்கள். லின் அம்மாள் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். வடிவு தலை குனிந்து, இல்லை என்பது போல் ஆட்டினாள். என்ன விஷயம் என்று கேட்டேன். "டூர் பத்திப்பா" என்றாள்.

நவம்பர் 1, சனி

இன்று ஒரு அதிசயம் பார்த்தேன். பாக்கியம், இதை உட்கார்ந்து படி.

காலையில் வடிவு ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, என் இஞ்ச் டேப்பை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். சிநேகிதி வீட்டுக்கு எதற்கு டேப்? இந்தக் காலத்துப் பிள்ளைகள். நான் பக்கத்துப் பூங்காவுக்கு நடக்கப் போனேன்.

உள்ளே நூற்றுக்கணக்கில் குடைகள். மழை இல்லை, வெயிலும் இல்லை. குடைகளை விரித்துத் தரையில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தாள். பின்னால் நாற்காலி போட்டு என் வயதுக்காரர்கள். ஏதோ விற்கிறார்கள் என்று நினைத்தேன். போனைத் தாளின் மேல் காட்டினால் தமிழில் சொல்லும். வடிவு போட்டுத் தந்திருந்தாள். காட்டினேன். "ஆண். பிறப்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. உயரம் ஒன்று புள்ளி ஏழு ஆறு. முதுநிலைப் பட்டம். சொந்த வீடு உண்டு. புகைப்பழக்கம் இல்லை" என்றது.

வரன்! அத்தனையும் வரன்! ஒரு பூங்கா முழுக்கக் கல்யாணமாகாத பிள்ளைகளைப் பெற்றவர்கள்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஐயாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தால், அங்கே எனக்கு இத்தனை சொந்தக்காரர்கள்.

அச்சுதான் சகிக்கவில்லை. நான்கு பக்கமும் ஓரம் விடாமல், எழுத்தெல்லாம் ஒரே பருமனில், யாரோ அவசரத்தில் அடித்த மாதிரி. பிள்ளையின் வாழ்க்கையை இப்படியா அடிப்பது?

ஒரு அம்மாள் தன் பக்கத்து முக்காலியைத் தட்டி உட்காரச் சொன்னார். பெயர் சௌ. அவர் தன் போனில் சீனத்தில் பேச, அது மேடைப் பேச்சுத் தமிழில் என்னிடம் கேட்டது: "பெருந்தகையே, தாங்கள் மகனுக்காக வந்தீரா, மகளுக்காக வந்தீரா?"

மகளுக்காக என்றேன். வயதைச் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்து, "ஐயகோ" என்றார். அதாவது போன் சொன்னது. அவர் மகனுக்கு முப்பத்தாறு. ஜெர்மனியில் வேலை. சூடாகத் தேநீர் ஊற்றித் தந்தார். சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். சம்பளம் என்ன, வீடு உண்டா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை, எல்லாம் நம் ஊர்க் கேள்விகள். ஜாதகத்துக்குப் பதிலாகப் பிறந்த வருஷத்து மிருகம் கேட்டார்கள். வடிவுக்குக் குரங்கு. மூன்று பேர் திருப்தியாகத் தலையாட்டினார்கள். இதை வடிவிடம் சொல்லப் போவதில்லை.

சீனத்து மாப்பிள்ளையா என்று நீ கேட்பாய். முப்பத்து மூன்று வயதில் தேசம் பார்த்தால் முடியுமா? தவிர இத்தனை பெரிய ஊரில் நம் பக்கத்து சாஃப்ட்வேர் பையன் ஒருத்தனாவது பூங்காவுக்கு வராமலா இருப்பான்?

நாளை ஞாயிறு. நாளையும் கூடுவார்களாம். எங்கே போனாலும் நம் அச்சகத்துத் தாள் பத்துப் பதினைந்தைப் பையில் வைத்திருப்பது எத்தனை நல்ல பழக்கம்.

நவம்பர் 2, ஞாயிறு

தலை வலிக்கிறது. நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 3, திங்கள்

நேற்று நடந்ததை எழுதுகிறேன். முழுங்க மாட்டேன்.

சனிக்கிழமை சாயந்திரமே வேலையைத் தொடங்கிவிட்டேன். நல்ல காரியத்துக்கு நமக்கு மஞ்சள் பத்திரிகைதானே. பையில் இருந்த மஞ்சள் தாளில் பெரிதாக ஒன்றை எடுத்து, போன் காட்டிய சீன எழுத்தைப் பார்த்து வரைந்தேன். முப்பத்தெட்டு வருஷம் எழுத்தோடு குடித்தனம் நடத்தியவனுக்கு வரைவது கஷ்டமில்லை. ஓரம் விட்டு, நடுவில் பெயரைப் பெரிதாக, கீழே விவரம், அதற்கும் கீழே வடிவின் சீனத்துப் போன் நம்பர். நான்கு மூலையிலும் நீ கட்டிக்கொடுத்த மஞ்சள் பொடியைத் தொட்டு வைத்தேன். பூங்காவிலேயே இப்படி ஒரு தாள் இல்லை. அது மட்டும் நிஜம்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஹோட்டல் குடையை விரித்துத் தாளை மேலே மாட்டி உட்கார்ந்துவிட்டேன். வடிவு மறுபடியும் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள்.

யாரும் கிட்டே வரவில்லை. தூரத்தில் நின்று பார்க்கிறார்கள், கையெடுத்துக் கும்பிடுகிறார்கள், போய்விடுகிறார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். மரியாதை தெரிந்த ஊர் என்று நினைத்தேன். பத்து மணிக்கு சௌ அம்மாள் வந்தார். தாளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு போனில் பேசினார். போன் சொன்னது: "இவ்வகை மஞ்சள் தாளை நாங்கள் இறந்தோருக்காக எரிப்போம். தங்கள் மகள் உயிருடன் உள்ளாரா?"

தாளைக் கிழித்த வேகத்தில் குடைக் கம்பி ஒன்று வளைந்துவிட்டது. அறிவு கெட்டவன், பெற்ற மகளுக்கு நானே... சரி, அதை விடு. சௌ அம்மாள் தன் பையிலிருந்து சிவப்புத் தாள் ஒன்றை எடுத்து, தானே பேனா பிடித்து எழுதி மாட்டினார். அடுத்த நிமிஷம் கூட்டம். நம்பரை எல்லோரும் போனில் ஏற்றிக்கொண்டார்கள். ஒருவர் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

கூட்டம் குறைந்ததும் சௌ அம்மாளிடம், உங்கள் மகனுக்கு ஏதாவது அமைந்ததா என்று கேட்டேன். அவர் குடையைத் திருப்பி வைத்தார். போன் நிதானமாகச் சொன்னது: "மகனுக்கு ஜெர்மனியில் ஏற்கெனவே மணமாகிவிட்டது. நான்கு ஆண்டுகளாக இல்லம் வரவில்லை. நான் சனி, ஞாயிறுகளில் இங்கே வருகிறேன். இங்கேதான் எல்லோரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார்கள்."

கடலை மிட்டாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

பதினோரு மணிக்கு வடிவு வந்து நின்றாள். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு இரைத்தது. குடையைப் பார்த்தாள், சிவப்புத் தாளைப் படித்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, பதினேழு போன். வீட்டுக்காரம்மா முன்னாடி ஒண்ணு மாத்தி ஒண்ணு. ஒருத்தர் என்கிட்ட எடை என்னன்னு கேக்குறார், பூங்காவுல உங்கப்பா கொடுத்த நம்பர்ங்கிறார். அந்தம்மா நான் யாரோ எவரோன்னு பயந்துட்டாங்க."

"எந்த வீட்டுக்காரம்மா?"

அவள் என் பக்கத்தில், வளைந்த குடைக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்தாள்.

"வாடகைக்கு வீடு பிடிச்சிருக்கேம்ப்பா. லின் மேடம் கம்பெனியில சேர்றேன். மூணு வருஷம். உங்களை முன்னால வச்சு சொல்லணும்னுதான் கூட்டிட்டு வந்தேன். சுவர் மேல வச்சு சொல்ல வந்தேன், நீங்க அருப்புக்கோட்டைக்குப் போயிட்டீங்க. சாப்பாட்டுல வச்சு லின் மேடமே அப்பாகிட்ட சொல்லியாச்சான்னு கேட்டாங்க. இல்லைன்னுட்டேன்."

"உங்கம்மாவுக்கு?"

"தெரியும்."

குக்கர்! அடிப் பாவி பாக்கியம்! எனக்கு ஒத்துக்காதாம், எனக்கு!

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. "அப்ப கல்யாணம்? அதைச் சொல்லு. ஊருக்கே பத்திரிகை அடிக்கிறவன், என் மக பேரை என்னிக்குத்தான் அடிக்கிறது?" என்று கத்திவிட்டேன். தமிழில்தான் கத்தினேன். ஆனால் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணம் வேண்டாம்னு நான் சொன்னதே இல்லப்பா. வந்தவங்களைத்தான் வேண்டாம்னேன். நீங்க போன் பண்ணினா அந்த ஒண்ணை மட்டும்தான் கேக்குறீங்க. பத்து வருஷமா வேலை பாக்குறேன். என்ன வேலைன்னு ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?"

மிஷின் விற்கிற வேலைதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அது சரியா என்று எனக்கே நிச்சயமில்லை.

சௌ அம்மாள் வடிவின் முகவாயைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னார். அவள் எடையைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். "என்ன சொல்றாங்க?" என்றேன்.

"உங்கப்பா உனக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கார், வராம இருக்கலை, அதை நினைச்சுக்கோங்கிறாங்க" என்றாள் வடிவு. பிறகு சிவப்புத் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 4, செவ்வாய்

என்ன வேலை என்று கேட்டேன். "வந்து பாருங்க" என்றாள்.

தொழிற்சாலை ஊருக்கு வெளியே. தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம், அத்தனை சுத்தம். போர்டில் தங்க ஃபாயில் பதிக்கிற இயந்திரம், நம்முடையதைப் போல ஆறு மடங்கு. அதன் பதிக்கிற பகுதியைத் திருத்தி வரைந்தது வடிவு. வெறும் விற்பனை இல்லை. பத்து பேர் அவளைச் சுற்றி நின்று அவள் சொல்வதைக் கேட்கிறார்கள். நரை தட்டியவர் இரண்டு பேர் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

முதல் தாள் வெளியே வந்ததும் அவள் அதை எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, தங்கத்தின் மேல் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். நான் தேய்க்கிற அதே தேய்ப்பு. நான் சொல்லிக் கொடுத்ததில்லை. சின்ன வயதில் வீட்டுப்பாடம் எழுத அச்சகத்துக்கு வந்து உட்காருவாள், அப்போது பார்த்திருப்பாள்.

லின் அம்மாள் சொன்னதை வடிவு வெட்கத்தோடு மொழிபெயர்த்தாள். "ரெண்டு வருஷம் முன்னாடி என் கார்டைக் கையில வாங்கினதும் அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்குன்னு சொன்னா. எங்க இன்ஜினியர் ஒருத்தருக்கும் கண்ணுல படலை. அன்னைக்கே இவளைத்தான் எடுக்கணும்னு முடிவு பண்ணினேன்."

நான் லின் அம்மாளைக் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய?

சாயந்திரம் அவள் வீட்டைப் பார்த்தேன். ஒரே அறை, பதினெட்டாவது மாடி. சமையல் மேடை உயரம் சரியில்லை. அலமாரி ஆடியது, அட்டையை மடித்துக் காலுக்குக் கொடுத்தேன். குக்கரில் சாம்பார் சாதம் வைத்தாள். மூன்றாவது விசிலில் பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோய்க் கதவைத் தட்டினார். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தோம். நான் தட்டைக் காலி செய்தேன். அவள் கேட்காமல் இன்னொரு கரண்டி வைத்தாள்.

நவம்பர் 5, புதன். விமான நிலையம்

பெட்டி லேசாக இருக்கிறது. வடிவு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்தாள். நானும் அசைத்தேன். பிறகு அவள் நிற்கிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நின்றாள்.

நவம்பர் 14, வெள்ளி. சிவகாசி

வந்ததிலிருந்து பாக்கியத்தோடு நான் பேசவில்லை. அவள் இந்த டைரியை இரண்டு தடவை படித்துவிட்டாள். "அடிப் பாவின்னு எழுதியிருக்கீங்க" என்றாள். "எழுதத்தானே சொன்னே" என்றேன். பேச்சு வந்துவிட்டது.

இன்று பீரோவைத் திறந்து தங்க விளிம்பு போர்டை எடுத்தேன். ஃபோர்மேன் குருசாமி பதறிப்போனான்.

"அண்ணாச்சி, பாப்பா கல்யாணத்துக்கு வச்ச போர்டாச்சே! மாப்பிள்ளை அமைஞ்சுருச்சா?"

"கட்டிங் மிஷினைப் போடு. விசிட்டிங் கார்டு சைஸ்."

"விசிட்டிங் கார்டா? இந்த போர்டிலயா?"

"உனக்கு என்னய்யா? போடு."

கம்ப்யூட்டரில் வடிவின் ஃபைலைத் திறந்தேன். பெயரை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அழித்தேன். கோட்டையும் அழித்தேன். மேலே தமிழில் சண்முகவடிவு, கீழே சீனத்தில் அவள் அனுப்பிய எழுத்து, அதற்குக் கீழே அவள் பதவி. தங்க ஃபாயிலை நானே நின்று ஓட்டினேன். முதல் கார்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. அவளுக்குத் தெரிந்துவிடும். நிறுத்தித் திருத்தி மறுபடியும் ஓட்டினேன்.

அங்கே யாரும் கார்டு வைத்திருப்பதில்லை என்று எனக்குத் தெரியும். வைத்திருக்கட்டும் இவள் மட்டும்.

பார்சல் கட்டும்போது பாக்கியம் மஞ்சள் பொடியும் குங்குமமும் இரண்டு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். மஞ்சளைத் தொடப் போனேன். "அது வேணாங்க, அங்க அது ஆகாதுன்னு எழுதியிருக்கீங்களே" என்றாள்.

பெட்டியின் நான்கு மூலையிலும் குங்குமம் வைத்து அனுப்பினேன்.